சங்ககிரிக்குப் போன மூன்று ரிசீவர்கள்

ரிசீவரைக் கையில் தூக்கிப் பார்த்தாலே அதன் தரம் தெரிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். வெண்ணந்தூர்ச் சந்தையில் ஆட்டின் இடுப்பில் கைவைத்து ஒரு தூக்குத் தூக்கி, கறி எவ்வளவு தேறும் என்று சொல்லுகிற அப்பாவுக்குப் பிறந்தவன் நான். கனமான ஆடு நல்ல ஆடு. அதே கணக்கில் கனமான பெட்டி நல்ல பெட்டி. சேலத்தில் ரேடியோக் கடை வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் கழித்தும் இந்த ஆட்டுக் கணக்கு என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், நான் வேலை பார்த்த கடை செல்போன் கடையாகிவிட்டது. எனக்கு செல்போன் விற்கத் தெரியாது. ஆகவே தலை முழுதாக நரைப்பதற்கு முன்பே ஓய்வுபெற்றவன் ஆகிவிட்டேன். போன வாரம் அக்கா மகன் போனில் பேசினான். வீட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கிவிட்டானாம், எந்த ரிசீவர் போடலாம் என்று கேட்டான். வாட்ஸ் எவ்வளவு, சேனல் எத்தனை என்று ஏதேதோ படித்தான். "கம்பி எந்தப் பக்கமாப் போகுது?" என்று கேட்டேன். "மாமா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று வைத்துவிட்டான். எனக்கு ஏன் அந்தக் கேள்வி முதலில் வாயில் வந்தது என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் காலத்து ரிசீவர் என்பது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டிக்குள் குடியிருப்பது. பின்னால் டேப் டெக்கைச் செருகலாம். இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலப்பக்கம் ஒரு ஸ்பீக்கர். அவ்வளவுதான் வீட்டு செட். எழுபதுகளின் நடுவில் நான் கடையில் சேர்ந்தபோது இதை வாங்குகிறவர்கள் டாக்டர்களும் மில் முதலாளிகளும்தான். எண்பதுகள் பிறந்தபின் லாரிக்காரர்களும் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர்களும் வந்தார்கள். நடுவில் உள்ள வருஷங்களில் நான் கற்றது: பற்றவைக்க, தூசி துடைக்க, முதலாளி கேட்பதற்காகக் கண்ணை மூடினால் வாயை மூட.

முதலாளி பேர் நடேசன். ஒல்லியான ஆள். கடைக்கு வருகிறவர்கள் "எத்தனை வாட்டுங்க?" என்று ஆரம்பித்தால் அவர் காதிலேயே வாங்கமாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, மூன்று கேள்வி கேட்பார். ஊட்டில யாரு கேப்பாங்க? எங்க உக்காந்து கேப்பாங்க? பக்கத்துச் சுவருக்கு அந்தாண்ட யார் இருக்காங்க? அதற்குப் பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார். மேட்டூரிலிருந்து ஒரு கம்பெனி அதிகாரி, ஊரையே அதிரவைக்கிற மாதிரி ஒரு செட் கேட்டு வந்தார். மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொண்டார். குவார்ட்டர்ஸில் பொதுச்சுவர், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர். முதலாளி கடையிலேயே சின்னதாக இருந்த ரிசீவரைக் கொடுத்து அனுப்பினார். நான் உள்ளே போய்த் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து அந்த ராத்திரி ஷிப்ட்காரரே வந்து அதே மாதிரி ஒன்று வாங்கிப் போனார்.

முதலாளிக்கு இன்னொரு குணம். கோபம் வந்தால் மரியாதை ஏறும். சாதாரணமாக என்னை "ஏப்பா மாணிக்கம்" என்பார். சிடுசிடுப்பு வந்தால் "வாங்க, போங்க." உண்மையான கோபம் என்றால் "சார்." கடைக்கு வந்தவர்கள், இந்தக் கடையில் வேலைக்காரனுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று வியப்பார்கள். எனக்கு மட்டும் உள்ளங்கால் வேர்க்கும்.

சரி, சங்ககிரிக்கு வருகிறேன்.

குப்பண்ணனுக்குச் சங்ககிரியில் லாரிகள் ஓடின. புதுவீடு கட்டிப் பெயிண்ட் வாசம் போகாத சமயத்தில் கடைக்கு வந்தார். முதலாளி வழக்கம்போல் முதல் கேள்வியைக் கேட்டார். குப்பண்ணன் சொன்னார்: "என்ற மச்சானுங்க ரெண்டு பேரு கேக்கோணும்ங்க. அதுக்குத்தான் இந்தச் செட்டே."

விஷயம் இதுதான். அவர் மனைவி சரசக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் முட்டைக்கோழி வளர்த்தார். சின்னதாக ஆரம்பித்து நன்றாகவே நடந்தது. வெண்ணந்தூரில் பிறந்த வீட்டு நிலம், கிணற்றை ஒட்டி, சும்மா கிடந்தது. அதில் பெரிய கொட்டகை போட அண்ணன்கள் இருவரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் சிரித்தார்கள். பெரியவர், "கோழி மேய்க்கறதுக்கு நெலமெதுக்கு, சந்துல மேயட்டும்" என்றாராம். இந்த நிலையில் விவசாய ஆபீசர் ஒருவர் கொட்டகையைப் பார்த்துவிட்டு, பண்ணைக்காரர்களுக்கான ரேடியோ நிகழ்ச்சியில் பேசச் சொல்லி டேப்பில் பதிவுசெய்து போயிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது ஒலிபரப்பாகும். அண்ணன்மாரைப் புதுவீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்து, நடுக்கூடத்தில் உட்காரவைத்து, தங்கச்சி பேசுவதைக் கேட்கவைப்பது என்பது குப்பண்ணனின் திட்டம்.

"டிரான்சிஸ்டர்ல கேட்டாப் போதாதுங்களா?" என்று முதலாளி கேட்டார்.

"பொட்டிக்குள்ள கொசு கத்தறாப்புல கேட்டா அவனுங்க சிரிப்பானுங்க. என்ற சம்சாரம் பேசறது ரெண்டு பக்கமும் கணீர்னு கேக்கோணும்." சற்று நிறுத்தி, "ஊட்டில அவ பேசறத நான் கேட்டதில்லீங்க. இதையாச்சும் கேக்கலாம்னு" என்றார்.

முதலாளி சின்ன ரிசீவர் ஒன்றையும், நடுத்தர அளவில் இரண்டு ஸ்பீக்கரையும் எடுத்து வைத்தார். நான் ரிசீவரைத் தூக்கிப் பார்த்தேன். இளங்குட்டி. குப்பண்ணனுக்குப் பத்தாது என்று அங்கேயே முடிவு செய்தேன். அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டினேன்.

திங்கட்கிழமை நான் சங்ககிரிக்குப் போனேன். அங்கே ஸ்பீக்கர் கம்பி ஏற்கனவே போட்டு முடிந்திருந்தது. குப்பண்ணனுடைய லாரிகளுக்கு ஒயரிங் செய்கிற முத்து என்பவர் போட்டிருந்தார். கூடத்தின் முன்பக்கம் முழுக்க ஒரே நீளமான இரும்புக் கிரில். அதன் இரு கோடியிலும் ஸ்பீக்கர் வைக்கப் பலகை. நடுவே ரிசீவருக்கு மேஜை. மேஜைக்குப் பின்னால் மூன்று கம்பி எட்டிப் பார்த்தது. இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு. சிவப்பு இடதுக்கும் வலதுக்கும், கறுப்பு இரண்டுக்கும் பொது என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் முதலாளியின் முதல் சட்டம் ஒன்று உண்டு. கம்பி கிளம்புகிற இடத்தில் கையை வைத்து, அது முடிகிற இடம் வரை கையை எடுக்காமல் நடக்க வேண்டும். அடுத்தவன் போட்ட கம்பி என்றால் இரண்டு தடவை நடக்க வேண்டும். அன்றைக்கு நான் கையை வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சரசக்கா, "ஏனுங்க தம்பி, நாட்டுக்கோழிக் கொழம்பு ஆறுது" என்றார். கையை எடுத்தேன். எடுத்த கை சோற்றுக்குப் போனது. கம்பிக்குத் திரும்பவில்லை.

சாப்பிட்டு வந்து மூன்று கம்பியையும் முடுக்கிவிட்டு, கையோடு கொண்டுபோன டேப் டெக்கைச் செருகி, ஒரு ஸ்டீரியோ கேசட்டைப் போட்டேன். மேளம் கேட்டது. வயலின் கேட்டது. எல்லாம் குழைந்து எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பாட்டு ஆரம்பிக்கிற இடம் வந்தது. பாடுகிறவர் வரவில்லை.

குப்பண்ணன் காத்திருந்தார். நான் காத்திருந்தேன். சரணமும் வந்து போனது. "பாடறவரு எங்க சாமி?" என்றார் குப்பண்ணன், பஸ்ஸைத் தவறவிட்ட ஆளைப் பற்றி விசாரிக்கிற மாதிரி.

ரேடியோவைத் திருப்பினேன். முள் நகர்ந்தது, விளக்கு எரிந்தது. சத்தம் மட்டும் சுத்தமாக இல்லை. ஏரியல் பிரச்சினை என்றேன். மொட்டைமாடிக்கு ஏறி, பக்கத்துத் தென்னைமரத்தில் கம்பி கட்டினேன். ஊமை ஊமையாகவே இருந்தது. கீழே இறங்கும்போது என் மனது ஆட்டுக் கணக்குக்குப் போய்விட்டது. "செட்டு சின்னதுங்க. இவ்வளவு பெரிய கூடத்துக்கு இழுக்கலை. எங்க முதலாளி பழைய ஆளு. நான் பெருசா ஒண்ணு கொண்டு வாரேன்" என்றேன். எங்கள் முதலாளியைப் பற்றி நான் வெளியே சொன்ன முதல் குறை அது. கடைசிக் குறையும் அதுவே.

செவ்வாய்க்கிழமை, முதலாளி ஈரோட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு மீட்டரில் முள் ஆடுகிற பெரிய ரிசீவர் ஒன்றைக் கடையில் போட்டுப் பார்த்தேன். பாடகர் கணீரென்று பாடினார். ரேடியோவில் தேங்காய் விலை சொன்னார்கள். சங்ககிரிக்குக் கொண்டுபோனேன். அங்கே மேளம் இன்னும் பெரிதாகக் கேட்டது. பாடகர் வரவில்லை. ரேடியோ ஊமை.

பயம் அப்போதுதான் என் சட்டைக்குள் நுழைந்தது. கடையில் பாடுகிற பெட்டி சங்ககிரி எல்லையைத் தாண்டினால் வாய் மூடுகிறது என்றால், கோளாறு பெட்டியிலா என் காதிலா? திரும்பி வருகிற பஸ்ஸில், பின்னால் உட்கார்ந்து பேசுகிறவர்கள் குரல் கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். கேட்டது. மனிதக் குரலே கேட்காத வியாதி ஏதும் இல்லை என்று கொஞ்ச தூரம் நிம்மதி. பிறகு, ஒருவேளை பாடுகிற குரல் மட்டும் கேட்காத வியாதியாக இருந்தால் என்று தோன்றியது. பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டேன். அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை, கடையிலேயே கனமான பெட்டியை எடுத்தேன். யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து எங்களிடம் விற்றது. கிடாய். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தே தொடை மரத்துவிட்டது. சங்ககிரியில் அதை மேஜைமேல் வைத்ததும் மேஜை முனகியது. அந்த முனகல்தான் அன்றைக்கு அந்த வீட்டில் தெளிவாகக் கேட்ட சத்தம். சின்ன செட்டில் சின்ன மௌனம். பெரிய செட்டில் பெரிய மௌனம்.

குப்பண்ணன் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று பெட்டியையும் வரிசையாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சரசக்கா வந்து நின்றார். "தம்பி, டேப்புல மேளமாச்சும் கேக்குது. ரேடியோவுல என்ற பேச்சு மட்டுந்தான் வரும். வெள்ளிக்கெழமை எங்கண்ணன் வந்து உக்காந்து, பொட்டி இப்பிடி முழிச்சுக்கிட்டு நின்னா, அப்பறம் அந்த நெலத்தப் பத்தி நான் வாயத் தெறக்க முடியாது. அத மட்டும் பாத்துக்கங்க" என்றார். கோழிக் குழம்பு அன்றைக்கும் இருந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை. இரண்டு முறைதான் வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒரு நாள் முழுக்க நான் முதலாளியின் கண்ணில் படாமல் அலமாரிக்குப் பின்னால் தூசி துடைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அலமாரியில் இரண்டு இடம் காலியாக இருப்பதை அவரே பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாடகர் காணாமல் போனது, ரேடியோ ஊமையானது, தென்னைமரம் வரை. அவர் கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "கம்பியைத் தொட்டுட்டு நடந்தீங்களா சார்?"

சார். உள்ளங்கால் வேர்த்தது. நான் நான்காவதாக ஒரு செட் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அவர் டார்ச் லைட்டிலிருந்து ஒரு பேட்டரிக் கட்டையை உருவினார், ஒரு முழம் இரட்டைக் கம்பியை எடுத்தார், இரண்டையும் மஞ்சள் பையில் போட்டார். "இது போதுங்க சார். வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ் வழியில் நின்று நின்று போனது. நாங்கள் போனபோது அண்ணன்மார் இருவரும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் கிரில்லையும் ஸ்பீக்கர்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோழிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. நிகழ்ச்சிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. குப்பண்ணன் எங்களைப் பார்த்த பார்வையில், மூன்று பெட்டியும் லாரியில் ஏறிச் சேலத்துக் கடை வாசலில் இறங்கும் காட்சி எனக்குத் தெரிந்தது.

முதலாளி அவசரப்படவில்லை. கம்பிகளை ரிசீவரிலிருந்து கழற்றினார். டார்ச் கட்டையின் ஒரு முனையை இடது சிவப்புக் கம்பியிலும், மறுமுனையைக் கறுப்பிலும் தொட்டார். கட்டை தொட்டால் ஸ்பீக்கர் 'டப்' என்று ஒரு சத்தம் போட வேண்டும். போடவில்லை. வலது சிவப்பும் கறுப்பும். சத்தமில்லை. பிறகு அவர் செய்ததை நான் எந்த நாளும் செய்திருக்க மாட்டேன். சிவப்பையும் சிவப்பையும் தொட்டார்.

இரண்டு மூலையிலும் ஒரே நேரத்தில் 'டப்.'

"ரெண்டு செவப்பும் கைகோத்துட்டு நிக்குது. கறுப்பு வாசலுக்கு வெளிய நிக்குது" என்றார். பிறகு கறுப்புக் கம்பியில் கையை வைத்து நடந்தார். நெடுந்தூரம் நடக்கவில்லை. மேஜைக்குப் பின்னால் அது கிரில்லில் ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. அங்கிருந்து ஸ்பீக்கருக்கு வேறு கம்பியே கிடையாது. ஸ்பீக்கர் இரண்டின் மறுமுனையும் அதே கிரில்லில்தான் முடுக்கியிருந்தது. கிரில்தான் கம்பி.

முத்துவைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக் ஷெட்டிலிருந்து கிரீஸ் கையோடு வந்தார். அவருக்கு இதில் என்ன அதிசயம் என்று புரியவில்லை. "வண்டியில எதுக்குங்க ரெண்டு ஒயரு? ஹாரனுக்கு ஒத்த ஒயரு, லைட்டுக்கு ஒத்த ஒயரு, திரும்பி வாரது வண்டி பாடியில வரும். பாடி எர்த்துங்க. புதுச் சுவத்துல நெறைய ஒயரு தெரியக் கூடாதுன்னு மொதலாளி சொன்னாரு. வண்டிக்குப் பாடி, ஊட்டுக்குக் கிரில்லு. நான் போட்டப்ப ரெண்டுலயும் கேட்டுதுங்களே."

கேட்டிருக்கும். முத்து போட்டபோது கிரில் வெறும் இரும்பு. அதற்கப்புறம் பெயிண்டர் வந்திருக்கிறார். மேஜைக்குப் பின்னால் இருந்த போல்ட்டை மட்டும் கழற்றி, கிரில்லுக்கு நல்ல கெட்டியாக வெள்ளிப் பெயிண்ட் அடித்து, காய்ந்தபின் போல்ட்டைப் பெயிண்டின் மேலேயே முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். பெயிண்டில் கரண்ட் போகாது. கறுப்பு வழி அடைபட்டுவிட்டது. இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் கிரில் வழியாகத் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. ஒரு கதவை இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் சம பலத்தில் தள்ளினால் கதவு அசையுமா? ஸ்டீரியோ கேசட்டில் மேளம் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம். அதனால் அவை தப்பித்தன. பாடுகிறவர் குரல் இரண்டு பக்கமும் சமமாக வருவது, அதனால் நசுங்கிப்போனது. ரேடியோவில் எல்லாமே இரண்டு பக்கமும் சமம். அதனால் முழு ஊமை. எத்தனை கனமான பெட்டி வைத்தாலும் கதவின் இரண்டு பக்கமும் பலசாலியை நிறுத்துகிறோம், அவ்வளவுதான்.

"சொரண்டி உட்டாக் கேக்குமுங்களே" என்றார் முத்து. கேட்கும்தான். குப்பண்ணன் புதுப் பெயிண்டைப் பார்த்தார். முதலாளி, கிரில்லைக் கம்பியாக்கி வீட்டில் விட்டுப் போகமாட்டேன் என்றார். வண்டி வேறு, வீடு வேறு. நாளைக்குப் பெயிண்டர் திரும்ப வந்தால் திரும்ப ஊமையாகும். சரியாக இரட்டைக் கம்பி போட ஒரு பகல் வேண்டும். இப்போது நேரம் இல்லை.

இடது மூலையிலிருந்த ஸ்பீக்கரை அவரே இறக்கி, மேஜைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். பையிலிருந்த ஒரு முழக் கம்பியை மாட்டினார். பெரிய பெட்டி இரண்டையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, முதலில் வந்த சின்ன ரிசீவரை எடுத்து வைத்தார்.

குப்பண்ணன் முகம் சுருங்கியது. "ஒண்ணுலயா? ரெண்டு பக்கமும்னு சொன்னனுங்களே."

சரசக்கா சமையலறை வாசலில் நின்றபடி சொன்னார்: "நான் ஒருத்திதான பேசறேன். ஒண்ணு போதும் உடுங்க."

முதலாளி முள்ளை நகர்த்தினார். விவசாயிகளுக்கான விலை நிலவரம் முடிந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு அறிவிப்பு. பிறகு தரையிலிருந்து சரசக்காவின் குரல் எழுந்தது. வாசலில் நின்ற சரசக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கணீரென்றுதான் இருந்தது. குஞ்சு எடுப்பது, மழைக்காலத்தில் கொட்டகைத் தரையை உலர்த்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். பயமில்லை, தடுமாற்றமில்லை. குப்பண்ணன் உட்காரவே இல்லை. அப்புறம் அந்த இடம் வந்தது. இன்றைக்கும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது:

"கோழிங்க தீவனம் எடுக்காம சத்தமில்லாம நின்னா, ஒடனே தீவனத்த மாத்திப் போடாதீங்க. இது சரியில்லை, அது பெருசுன்னு மாத்தி மாத்திப் போட்டுச் செரமப்படாதீங்க. மொதல்ல தண்ணிக் கொழாயக் கை வெச்சுத் தடவிட்டே போங்க. எங்கியோ அடைச்சிருக்கும்."

கூடத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். குப்பண்ணன் பார்த்தார். முத்து பார்த்தார். ஓரத்தில் ஒதுக்கிய இரண்டு பெரிய பெட்டிகளும்கூடப் பார்த்த மாதிரி இருந்தது. முதலாளி மட்டும் கண்ணைத் திறக்காமல், மெதுவாக, "கேட்டுக்கங்க சார்" என்றார்.

பேச்சு முடிந்தது. நாதஸ்வரம் வைத்தார்கள். பெரிய அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம் புள்ள, கொழாய நாளைக்கு எத்தன தடவ பாப்பே?" என்று கேட்டார். கோழி விஷயத்தில் அவர் தங்கச்சியிடம் கேட்ட முதல் கேள்வி அது என்று குப்பண்ணன் பிறகு சொன்னார்.

சரசக்கா பதில் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். "கெணத்து மேட்டுல தண்ணிக்குப் பஞ்சமில்ல" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. பிறகு, சாப்பாடு எப்போது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் முதலாளிக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தேன். சிங்கப்பூர்க் கிடாய் என் மடியில், மீட்டர் பெட்டி என் காலடியில். வீரபாண்டி தாண்டியபின் அவர், "ஏப்பா மாணிக்கம், அந்தக் கோழிக் கொழம்பு நல்லா இருந்துதில்ல?" என்றார்.

அடுத்த வாரம் இரட்டைக் கம்பியைக் கையால் தொட்டு நடந்து நானே போட்டேன். வெண்ணந்தூர்க் கிணற்று மேட்டில் அந்தத் தை மாதம் கொட்டகை எழுந்தது. குப்பண்ணன் வீட்டில் கடைசிவரை பாடியது முதலில் போன சின்ன ரிசீவர்தான். மூன்றில் எதிலும் பழுது இருந்ததில்லை. ஒரு போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தது.